மாநிலப் போட்டிக்கு முன் மாவட்ட ஹாக்கி அணி ஏன் கலைகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நேரம் வந்தால் நீலகிரி மாவட்ட ஹாக்கி அணியிலிருந்து பையன்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். உடனே "மாவட்டப் பற்று இல்லை, கல்லூரி சீட்டுக்காக ஓடிவிட்டான்" என்ற பேச்சு கிளம்புகிறது. உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் மாணவர்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் எங்களால் இந்தப் பேச்சை ஏற்க முடியவில்லை. யார் விலகப் போகிறார்கள் என்பது பெரும்பாலும் ஜூன் மாதமே தெரிந்துவிடும். செப்டம்பர் வரை அவர்களை யாரும் கேட்பதில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

பிளஸ் டூ முடித்த மாணவன் கவுன்சலிங் முடிந்ததும் கோவைக்கோ சென்னைக்கோ இறங்கிவிடுகிறான். முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளில் கல்லூரிப் பிரிவில் அவன் ஆடுவது கல்லூரி இருக்கும் மாவட்டத்துக்காக. கோடையில் நடக்கும் தேர்வில் விளையாட்டு விடுதிக்கு எடுக்கப்பட்ட பையன் கோவில்பட்டிக்குப் போய்விடுகிறான். அது அவனுக்கு நல்லது, அதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. மீதமிருப்பவர்களில் சிலர் பசுந்தேயிலை வரத்து ஏறும் மாதங்களில் வீட்டுத் தோட்டத்தை விட்டு வர முடியாது. சிலர் விடியுமுன்னே கேரட் அறுவடைக்குப் போய், கழுவி மூட்டை கட்டி லாரி ஏற்றிவிட்டுத்தான் மைதானத்துக்கு வருகிறார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே எடுபடுவது தேசிய அளவுச் சான்றிதழ். மாவட்ட அணிக்கு ஆடிய சான்றிதழை வைத்துக்கொண்டு அந்தப் படியில் ஏற முடியாது என்பது பதினேழு வயதுப் பையனுக்கும் தெரியும்.

இதற்கு மேல் தேதிக் குழப்பம் வேறு. முதலமைச்சர் கோப்பை மாநிலச் சுற்று 2023-ல் ஜூலையில் நடந்தது. 2024-லும் 2025-லும் அக்டோபரில். ஜூலை என்றால் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலம், மைதானம் முழுக்கச் சேறு. அக்டோபர் என்றால் குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். எந்த மாதத்தை நம்பிப் பயிற்சியைத் திட்டமிடுவது என்று தெரியாதபோது, திட்டமே போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒருவர் போனால் அணிக்கு என்ன ஆகிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. "பதினெட்டுப் பேரில் ஒருத்தன்தானே" என்கிறார்கள். எதிரணி தன் கோல் அருகே தவறு செய்தால் நமக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரை எடுத்துக்கொள்ளுங்கள். கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிட வேண்டும். கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் வட்டத்தின் விளிம்பில் இன்னொருவர் அதை அசையாமல் நிறுத்த வேண்டும். மூன்றாமவர் டிராக் ஃபிளிக் எடுக்க வேண்டும், அதாவது பந்தை ஓங்கி அடிக்காமல் ஸ்டிக்கோடு இழுத்துவந்து கோலை நோக்கி வீச வேண்டும். பந்து வட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் கோலுக்கு அடிக்க முடியும். அதற்குள் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் பாய்ந்து வருவார்கள். இந்த மூவருக்கும் இடையே உள்ள ஒத்திசைவு பல நூறு முறை ஒன்றாகச் செய்து வருவது. ஃபிளிக் எடுப்பவர் விலகினால், அந்த இடத்தில் ஓங்கி அடிப்பவரை நிறுத்துகிறோம். முதல் அடி 'ஹிட்'டாக இருந்தால் பந்து 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் கோல் கோட்டைக் கடக்கக் கூடாது என்பது விதி. ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதாவது கோலின் மேல்பாதி முழுக்க நம் கையை விட்டுப் போய்விடுகிறது; எதிரணிக் கோல்கீப்பர் தரையோடு படுத்தால் போதும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்டதிலிருந்து அது முடியும்வரை ஆளை மாற்ற முடியாது. ஃபிளிக் எடுக்கத் தெரிந்தவர் அணியில் ஒரே ஒருவர்தான் என்றால், அவர் மூச்சு வாங்க வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கிடைக்கும் கார்னர் வீண். எனவே எந்த அணியிலும் ஃபிளிக் எடுக்க இரண்டு பேர், பந்தைத் தள்ளிவிட இரண்டு பேர், நிறுத்த இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும். நம் மாவட்டத்தில் மூன்று வேலைக்கும் மூன்றே பேரை வைத்துக்கொண்டு, ஒருவர் போனதும் தலையில் கை வைக்கிறோம்.

கோல்கீப்பர் விலகினால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் பல நேரங்களில் அவரோடு கிட்டும் போய்விடுகிறது. ஹெல்மெட், கழுத்துக் காப்பு, மார்புக் கவசம், கைக் காப்புகள், காலில் கட்டும் பேடு, ஷூவுக்கு மேல் மாட்டும் கிக்கர் எல்லாம் சேர்ந்து ஒரு மாணவன் தன் பணத்தில் வாங்கக் கூடிய விலை அல்ல. சொந்தமாக வைத்திருப்பவன் போனால், அடுத்தவன் அளவு சேராத பழைய கிட்டில் நிற்கிறான். பேடு தொடையில் இடித்தால் காலைப் பக்கவாட்டில் வீச முடியாது. கிக்கர் தளர்வாக இருந்தால் காலில் பட்ட பந்து வெளியே போகாமல் எதிரியின் ஸ்டிக் முன்னாலேயே விழும். கிட் மாவட்ட அணியின் சொத்தாக இருக்க வேண்டும். இரண்டு அளவில், இரண்டு செட். மழைக்காலத்தில் நனைந்த பேடை மூட்டையாகக் கட்டி வைத்தால் உள்ளே ஃபோம் நாறி நொறுங்கிவிடும். காற்றோட்டமான அறையில் பிரித்து மாட்டி வைக்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

அயர்லாந்தில் ஹர்லிங் என்றொரு ஆட்டம் உண்டு. ஆஷ் மரத்தில் செய்த மட்டையால் பக்கத்துக்குப் பதினைந்து பேர் ஆடுவது. 2018-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஹாக்கிக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். அங்கே கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. கவுண்டிக்கு ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது, பயணச் செலவு மட்டும்தான். ஆசிரியர்கள், விவசாயிகள், மாணவர்கள் என்று எல்லோரும் வேலையை வைத்துக்கொண்டே ஆடுகிறார்கள். சாம்பியன்ஷிப்புக்கு முன்னால் விலகுவது அங்கேயும் உண்டு. வெளிநாட்டு வேலை, கோடையில் அமெரிக்கப் பயணம், காயம், களைப்பு என்று காரணங்கள் நம்முடையவை போலத்தான். ஆனால் டப்ளினில் வேலை பார்ப்பவர் பிறந்த கவுண்டிக்கே தொடர்ந்து ஆட வழி இருக்கிறது. 2022 முதல் ஆண்டையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்: முதல் பாதி கவுண்டிக்கு, ஜூலையில் இறுதிப் போட்டி முடிந்ததும் அடுத்த பாதி ஊர்க் கிளப்புக்கு. எந்த மாதத்தில் தன்னை யார் கூப்பிடுவார்கள் என்று ஆட்டக்காரருக்கு முன்கூட்டியே தெரியும். விலகல் நிற்கவில்லை, ஆனால் யாரும் திடுக்கிட வேண்டியதில்லை. நமக்கு அதுவே பெரிய காரியம்.

இங்கே செய்ய வேண்டியது என்று நாங்கள் நினைப்பதைச் சொல்கிறோம். ஜூன் கடைசியில் 30 பேர் கொண்ட பட்டியல் எடுங்கள். ஒவ்வொருவரிடமும், வீட்டாரையும் வைத்துக்கொண்டு, ஜூலை முதல் நவம்பர் வரை எந்த வாரங்களில் வர முடியாது என்று எழுதி வாங்குங்கள். மழுப்பலாக "பார்க்கலாம் சார்" என்று சொல்பவர் வர மாட்டார் என்றே வைத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு இன்னொருவரை அன்றே தயார் செய்யத் தொடங்குங்கள். விலகுபவர் இரண்டு வாரம் முன்னால் சொன்னால் அடுத்த ஆண்டுத் தேர்வில் அவருக்கு எந்தக் கெடுதலும் வராது என்று எழுத்தில் கொடுங்கள். இப்போது பையன்கள் கடைசி நாள் வரை வாய் திறக்காததற்குக் காரணம் பயம். சொன்னால் அடுத்த முறை பெயர் வெட்டப்படும் என்று நினைக்கிறார்கள், அந்த நினைப்பில் தவறும் இல்லை.

பயிற்சியை உதகையில் மட்டும் வைப்பதை விட வேண்டும். கூடலூரிலிருந்து உதகை 50 கிலோமீட்டர் மலைப்பாதை. இரண்டு மணி நேர ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் பேருந்தில். மாலை ஆறு மணிக்கு முடித்தால் யானை நடமாடும் பாதையில் இருட்டில் திரும்ப வேண்டும். எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். வார நாட்களில் அவரவர் வட்டாரத்தில், மூன்று நான்கு பேர் சேர்ந்து அவரவர் இடத்துக்கான பயிற்சி. மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் எல்லோரும் ஒன்றாக.

கல்லூரி எந்த மாவட்டத்தில் என்று பார்க்காமல் வயது வரம்பு மட்டும் பார்க்கும் மாவட்டப் போட்டிகளுக்கு, சமவெளியில் படிக்கும் நம் பையன்களை மலையேறி வரச் சொல்லாதீர்கள். கடைசி இரண்டு வாரத்துக்கு அணியே கீழே இறங்கட்டும். மாநிலப் போட்டிகள் பெரும்பாலும் செயற்கைப் புல்வெளியில், 35 டிகிரி வெயிலில் நடக்கின்றன. 2,240 மீட்டர் உயரத்தில் குளிரில் ஓடிப் பழகிய உடம்பு அந்த வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். முதல் நாள் போட்டியிலேயே இறக்கினால் மூன்றாவது குவார்ட்டரில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் தூளின் பெரிய பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். சீக்கிரம் தெம்பு வரும் என்று அரை லிட்டரில் கரைத்துக் கொடுப்பது தவறு. நம் புல்தரையில் பந்து எழும்பி எழும்பி வரும். நனைத்த செயற்கைத் தரையில் சறுக்கிக்கொண்டு வரும், முட்டி மடக்கித் தாழ நிற்காவிட்டால் ஸ்டிக்குக்கு அடியில் போய்விடும். இதையெல்லாம் போட்டி நடக்கும் காலையில் சொல்லிக்கொடுக்க முடியாது.

பேருந்துக் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும் பயிற்சி நாளிலேயே கையில் கிடைக்க வேண்டும். போட்டி முடிந்து ரசீது சேர்த்துக் கொடுப்பது என்றால், தோட்டக் கூலியை விட்டு வரும் பையன் மூன்றாம் வாரமே நின்றுவிடுவான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டத் தேர்வு அறிவிப்பு பல நேரங்களில் முந்தின நாள்தான் நாளிதழில் வருகிறது. அமைப்பாளர்களிடம் தேதியைக் கேட்டு வாங்கி, இரண்டு வாரம் முன்னதாக ஒருமுறையும் மூன்று நாள் முன்னதாக ஒருமுறையும், இடம், நேரம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்களோடு மாவட்டச் செய்திப் பக்கத்தில் வெளியிட வேண்டும். எருமாட்டிலிருந்தும் மஞ்சூரிலிருந்தும் பையன்கள் வண்டி பிடிக்க அந்த அவகாசம் தேவை.

இப்படிக்கு,
ஹாக்கிப் பயிற்சியாளர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.