காதுக்குப் பஞ்சு வை

அன்பு மகள் அறிவது,

அப்பா அம்மா சுகம். உன்ரை சுகம்தான் நாலு மாசமாத் தெரியேல்லை. போன் அடிச்சால் எடுக்கிறாயில்லை, அம்மாவுக்கு மட்டும் பெருவிரல் படம் ஒண்டு அனுப்புறாய். சரி, வேலையாக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பத்து வருஷம் ஏத்தி இறக்கின பெற்றோல் காசு வீணாப் போகக்கூடாதெண்டு கடிதமா எழுதுறன்.

நீங்கள் லீட்ஸிலை வாசிச்ச வீடியோவை அண்ணா காட்டினவன். பாட்டிலை ஒரு சொல்லும் பிடிபடேல்லை. ஆனால் நீ ட்ரம்ஸ் அடிச்ச அடி, தேர்த்திருவிழாவிலை தவில்காரர் தோளை உலுப்பி அடிக்கிற மாதிரி இருந்தது. அம்மாவும் எட்டிப் பார்த்திட்டுப் பார்க்காத மாதிரிப் போட்டா. தலைமயிர் கொஞ்சம் வளர்ந்திருக்கு. பச்சையும் பரவாயில்லை. உனக்குப் பின்னாலை ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் நிக்குது. காதுக்குப் பஞ்சு வை, பிள்ளை. பஞ்செண்டால் பஞ்சில்லை, மருந்துக்கடையிலை விக்கிற இயர்பிளக். காது போனால் வராது.

ஜாக்கெட் முழுக்கச் சட்டைப்பின் குத்தி வைச்சிருக்கிறாய். அதைப் பெரிய புரட்சியெண்டு நினைக்காதை. அம்மாவின்ரை தாலிக்கொடியிலை இத்தனை வருஷமா நாலு சட்டைப்பின் தொங்குது.

வேலையாலை நிண்ட பிறகு லைபிரரியிலை உங்கடை பங்க் பாட்டு ஆக்களைப் பற்றி எடுத்துப் படிச்சனான். பிஸ்டல்ஸ் எண்ட குழு (முழுப்பேரை அப்பா எழுதமாட்டன்) ராணியின்ரை வெள்ளி விழா நேரம், 1977இலை, ராணியைப் பழிச்சுப் பாடினவங்கள். பிபிசி தடை செய்தும் அந்தப் பாட்டு விற்பனைப் பட்டியலிலை ரெண்டாம் இடத்துக்கு வந்தது. 2015இலை அவங்கடை இசைத்தட்டின்ரை அட்டைப்படத்தை ஒரு வங்கி கிரெடிட் காட்டிலை போட்டு வித்தது. அவங்களுக்கு உடுப்புத் தைச்ச விவியன் வெஸ்ட்வுட்டுக்கு 2006இலை அரண்மனையாலை டேம் பட்டம். அவவின்ரை மகனுக்கு இதெல்லாம் பொறுக்கேல்லை. 2016 கார்த்திகையிலை தேம்ஸ் ஆத்திலை வள்ளத்தை விட்டு, 50 லட்சம் பவுண் பெறுமெண்டு தானே சொன்ன பங்க் சாமானை எரிச்சுப்போட்டான். எங்கடை சனமெண்டால் அடகுக்கடைக்குக் கொண்டு போயிருக்கும். உன்ரை மச்சாள் முழங்கால் கிழிஞ்ச ஜீன்ஸை நூறு பவுணுக்கு வாங்கிப் போட்டால் ஸ்டைலாம். நீயாக் கிழிச்சுப் போட்டால் ஊர் சிரிக்குதாம். இதை நான் உன்ரை பக்கம் நிண்டுதான் சொல்லுறன்.

எனக்குப் பிடிச்சது மன்செஸ்டர் பஸ்கொக்ஸ் குழுப் பெடியள். கம்பனியளின்ரை வாசலிலை காத்து நிக்காமல், வீட்டுக்காரரிட்டையும் கூட்டாளிமாரிட்டையும் 500 பவுண் கடன் வாங்கி, 1977 தையிலை தாங்களே றெக்கோர்ட் போட்டவங்கள். நீங்களும் றெக்கோர்ட் போடக் காசு சேர்க்கிறியளாம். அண்ணாவிட்டைக் கேட்டனி, என்னட்டைக் கேக்கேல்லை. கேட்டிருந்தால் பாங்க் வேலையை ஏன் விட்டனியெண்டுதான் துவங்கியிருப்பன், அதுவும் உண்மை. சாப்பிடுறியோ? காதுக்கு வைக்கிறியோ?

1978 சித்திரை 30, லண்டன் விக்டோரியா பார்க்கிலை இனவாதத்துக்கு எதிராப் பெரிய இசைக் கூட்டம் நடந்தது. கிளாஷ் எண்ட பங்க் குழு பாடினது. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவிலை பொலி ஸ்டைரீன் எண்ட பிள்ளை பாடினது. தேப்பன் சோமாலியர், வாயிலை பல்லுக்கம்பி. படத்தைப் பார்க்க உன்ரை பதின்மூண்டு வயசு முகம் ஞாபகம் வந்தது. அது நடந்து நாலாம் நாள் கிழக்கு லண்டன் வைட்சப்பலிலை, தையல் வேலை முடிச்சு வீட்டை போன அல்தாப் அலி எண்ட வங்காளப் பெடியனை இனவெறியிலை குத்திக் கொன்றுபோட்டாங்கள். நான் அப்ப இஞ்சை வந்து ரெண்டு மாசம். பகல் படிப்பு, இரவு பெற்றோல் செட். கூட்டத்துக்குப் போகேல்லை. எங்களுக்கேன் இந்த வேலையெண்டு அறையிலை படுத்துக் கிடந்தன்.

என்ரை இடது காது சின்னனிலை குளத்திலை நீந்திச் சீழ் வைச்சுப் போனதெண்டுதானே உங்களுக்குச் சொன்னனான். பொய். அது 1979 மார்கழி. விடியப்புறம் மூண்டு மணிக்கு தலையை மழிச்ச, இனவெறி பிடிச்ச மூண்டு ஸ்கின்ஹெட் பெடியள் செட்டுக்குள்ளை வந்தாங்கள். காதைப் பொத்தி ஒரு அடி, பிறகு நிலத்திலை போட்டு மிதி. சிகரெட் வாங்க வந்த பங்க் பெடியன் ஒருத்தன், இருபது வயசு இருக்காது, பச்சைத் தலை, காதிலை சட்டைப்பின், நடுவிலை பாய்ஞ்சான். அவன்ரை மூக்கு உடைஞ்சுது. அவங்கள் ஓடிட்டாங்கள், இவன் எனக்குப் பக்கத்திலை குந்தியிருந்தான்.

பொலிஸ் வந்து அவன்ரை தலையைப் பார்த்தது. இவனோ அடிச்சவனெண்டு என்னைக் கேட்டது. எனக்கு ஸ்டூடன்ட் விசா. வழக்கு, சாட்சியெண்டு இழுபட்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்களெண்ட பயம். ஆரெண்டு தெரியாது, நான் பார்க்கேல்லை எண்டன். அவனைப் பொலிஸ் வானுக்குள்ளை ஏத்தினாங்கள். ஏறேக்கை ஒருக்கால் திரும்பிப் பார்த்தவன். ஏசேல்லை. அவன்ரை பேரைக்கூட நான் கேக்கேல்லை. இது அம்மாவுக்கும் தெரியாது.

கலியாண வீட்டிலை உன்ரை மொட்டையைப் பார்த்திட்டுப் பெரியமாமி "பிள்ளைக்கு என்ன, கான்சரோ?" எண்டு கேட்டா. நான் ஓமெண்டு தலையாட்டினன். நீ தூணுக்குப் பின்னாலை நிண்டனியெண்டு பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அண்டைக்கு எனக்கு விசாப் பிரச்சினையும் இல்லை.

போன கிழமை மாமிக்குப் போன் எடுத்து, என்ரை பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவள் ட்ரம்ஸ் அடிக்கிறாள் எண்டு சொன்னனான். அவ கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. பிறகு மிருதங்கமோ எண்டு கேட்டா.

வாற மாசம் லண்டனுக்கு வாறியளாமே. ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கிறன், அம்மா வாறது சந்தேகம். உனக்கு விருப்பமில்லையெண்டால் அண்ணாவிட்டைச் சொல்லிவிடு, நான் வரேல்லை. வந்தால் ஸ்பீக்கர் பக்கம் இடது காதைக் காட்டிக்கொண்டு நிப்பன், எனக்கு ஒண்டும் செய்யாது. நீதான் பஞ்சு வைக்கோணும்.

அப்பா