வரைபடத்தில் இல்லாத குளியலறை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி, சோம்பல் என்று எதை வேண்டுமானாலும் காரணமாக வைத்துக்கொள். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்த பக்கத்தை மட்டும் நாலு தடவை படித்தேன். மற்ற பக்கத்துக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன்.

தாய்லாந்தில் கடலோரம், தோட்டத்தோடு தனி வீடு, குத்தகைக்கு எடுக்கப்போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். "முப்பது, முப்பது, முப்பது, ஆகத் தொண்ணூறு வருஷம் உங்களுடையது" என்று புரோக்கர் சொன்னாராம். அண்ணனும் பேத்தி காலம் வரை கவலையில்லை என்று குஷியாக இருக்கிறாராம். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், இத்தாலியின் சிசிலித் தீவில் நாங்கள் வீடு வாங்கப்போன கதையை, உன்னிடம் முழுதாகச் சொல்லாமல் விட்டதை, சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் சொல்ல வெட்கமாக இருந்தது.

சம்புக்கா என்ற சிசிலி ஊர் 2019-ல் ஒரு யூரோவுக்கு வீடு என்று அறிவித்ததும் உலகமே பேசியதே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு யூரோ என்பது ஏலம் ஆரம்பிக்கிற விலை. எடுத்தவர் மூன்று வருஷத்துக்குள் வீட்டைப் பழுதுபார்த்து முடிக்க வேண்டும், 5,000 யூரோ பிணைத்தொகை கட்ட வேண்டும். கூரை விழுந்த வீட்டைத் தூக்கி நிறுத்த ஆகிற செலவுதான் அதன் நிஜ விலை. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். நாங்கள் புத்திசாலிகள் அல்லவா, அதனால் இடிந்த வீடு வேண்டாம் என்று வேறொரு மலை ஊரில், சாவியைத் திருப்பினால் குடியேறிவிடலாம் என்கிற மாதிரி ஒரு வீட்டைப் பிடித்தோம். ஒரு கார் வாங்குகிற காசுதான். மாடியில் நீல ஓடு பதித்த ஒரு குளியலறை. அதன் சின்ன ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அந்த ஜன்னலில்தான் நான் விழுந்தேன்.

முதல் நாளே ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அட்வான்ஸும் கொடுத்துவிட்டோம். "உங்களுக்கு விருப்பம் இருக்கிறது என்று காட்டத்தான், வேறொன்றுமில்லை" என்றார் புரோக்கர். அங்கே அந்தப் படிவத்தை விற்பவர் ஏற்றுக்கொண்டு நமக்குத் தகவல் சொன்ன நிமிஷமே அது ஒப்பந்தம் ஆகிவிடுகிறது. அட்வான்ஸுக்கு 'கபார்ரா' என்று பெயர். வாங்குகிறவர் பின்வாங்கினால் அது போச்சு. விற்கிறவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் தானாகத் தராவிட்டால் அந்த ஊர் கோர்ட்டில் நாம்தானே போய் நிற்க வேண்டும்?

இரண்டு மாதம் கழித்துத்தான் ஒரு 'ஜெயோமெத்ரா'வை அமர்த்தினோம். பாதி சர்வேயர், பாதி இன்ஜினியர் என்று வைத்துக்கொள். நடுத்தர வயசு மனுஷர், கையில் வரைபட நகல், சட்டைப்பையில் ஒரு மொட்டைப் பென்சில். ஒவ்வொரு அறையாக அளந்துகொண்டே வந்தவர் குளியலறை வாசலில் நின்றார். தாளைத் திருப்பிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தாளில் வெறுமையாக இருந்த ஒரு கட்டத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். அங்கே குளியலறையே கிடையாதாம். வரைபடத்தின்படி நாங்கள் நின்றுகொண்டிருந்தது திறந்த மொட்டைமாடியில்!

இத்தாலியில் 2010 முதல், பதிவில் உள்ள வரைபடமும் வீடும் ஒத்துப்போகின்றன என்று கிரயப் பத்திரத்திலேயே உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பத்திரமே செல்லாது. அனுமதியில்லாமல் கட்டியதைச் சில சமயம் அபராதம் கட்டி முறைப்படுத்தலாம், சில சமயம் இடிக்கத்தான் வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு வீடு நாலு வாரிசுகள் பேரில் இருந்தது. ஒருவர் பெல்ஜியத்தில், ஒருவர் அர்ஜென்டினாவில். அர்ஜென்டினாக்காரர் இறந்தே போயிருந்தார், அவர் பிள்ளைகள் பேருக்கு இன்னும் மாற்றவில்லை. ஊரைவிட்டுப் போனவர்களின் வீடு மலிவாக வருவதே இதனால்தான்.

அங்கே நோட்டரி என்பவர் முத்திரை குத்துகிற ஆள் இல்லை. அரசு அதிகாரம் பெற்ற சட்ட நிபுணர். வில்லங்கம், அடமானம் எல்லாம் அவரே பார்ப்பார், அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வாங்குகிறவருக்கு உண்டு. கிரயத் தொகையைப் பதிவு முடியும்வரை அவரிடமே வைத்திருக்கச் சொல்லலாம் என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் அவர் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர், நம் பக்கம் பேச மாட்டார். நம் பக்கம் பேச வக்கீல் வேண்டும். நாங்கள் புரோக்கர் காட்டிய வக்கீலையே வைத்துக்கொண்டோம். இரண்டு பேர் ஆபீசுக்கும் ஒரே மாடிப்படி என்பதை அப்புறம்தான் கவனித்தோம். கடைசியில் வேறொரு வக்கீலை வைத்துப் பதினொரு மாதத்தில் பாதிப் பணத்தை மீட்டோம். மீதியை விட்டுவிட்டோம். ஜெயோமெத்ராவுக்குக் கொடுத்த கூலி எங்கள் விமான டிக்கெட்டைவிடக் குறைவு. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த ஜென்மம் நாங்கள்.

அதிலிருந்து மலிவாக ஏதாவது கண்ணில் பட்டால் ஏன் மலிவு என்றுதான் முதலில் கேட்கிறேன். காரணம் இல்லாமல் யாரும் விலையைக் குறைப்பதில்லை. அந்தக் காரணம் நமக்குச் சரிப்படுமா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் வீடு. தாய்லாந்துச் சட்டப்படி வெளிநாட்டவர் பேரில் நிலம் வாங்க முடியாது, விதிவிலக்குகள் மிகக் குறைவு. குத்தகைக்கு உச்சவரம்பு 30 வருஷம். இரண்டாவது முப்பதும் மூன்றாவது முப்பதும் இன்றைய நிலக்காரர் தருகிற வெறும் வாக்கு. அவர் போய்ச் சேர்ந்துவிட்டாலோ நிலத்தை விற்றுவிட்டாலோ அந்த வாக்கு யாரைக் கட்டும்? விலை குறைவாகத் தெரிவது அதில் நிலம் சேராததால்தான். அண்ணன் மொத்தத் தொகையை முப்பதால் வகுத்துப் பார்க்கட்டும். அந்த வருஷ வாடகை கட்டுப்படியானால் தாராளமாக எடுக்கட்டும், ஆனால் தொண்ணூறு என்று மனக்கோட்டை கட்ட வேண்டாம். குத்தகையை நிலப்பதிவு அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவாகாத குத்தகை மூன்று வருஷத்துக்கு மேல் செல்லாது.

உள்ளூர்க்காரர்கள் பேரில் ஒரு கம்பெனி வைத்து அதன் பேரில் நிலம் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அண்ணனை எழுந்து வந்துவிடச் சொல். பினாமி ஏற்பாடு அங்கே சட்டவிரோதம். நாளைக்கு அந்தப் பினாமியே கையை விரித்தால் புகார் கொடுக்கக்கூட உங்களுக்கு வழியில்லை.

சொந்தமாகவே வேண்டும் என்றால் அடுக்குமாடி வீடுதான் வழி. ஒரு கட்டடத்தின் வீட்டுப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் தங்கள் பேரிலேயே வாங்கலாம். அந்த ஒதுக்கீட்டில் இன்னும் இடம் இருக்கிறது என்று கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கு. பணம் வெளிநாட்டு நாணயமாக வெளியிலிருந்தே வர வேண்டும், அதற்கு அங்குள்ள வங்கி ஒரு சான்று தரும். அதைப் பத்திரத்தோடு சேர்த்துப் பூட்டி வை. பதிவுக்கும் அது வேண்டும், நாளைக்கு விற்றுப் பணத்தை வெளியே கொண்டுபோகவும் உதவும்.

நீ அனுப்பிய வடக்கு சைப்ரஸ் விளம்பரத்தைக் கிழித்துப் போடு. அங்கே மலிவாக வருகிற நிலத்தில் நிறைய, 1974-ல் துருக்கிப் படை வந்தபோது விரட்டப்பட்ட கிரேக்க சைப்ரஸ்காரர்களுடையது. அப்படி ஒரு நிலத்தில் வீடு கட்டிய பிரிட்டிஷ் தம்பதிமேல் பழைய சொந்தக்காரர் வழக்குப் போட்டார். வீட்டை இடித்து நிலத்தைத் திருப்பிக் கொடு என்று சைப்ரஸ் கோர்ட் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பிரிட்டனும் மதிக்க வேண்டும் என்று 2009-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் அவர்கள் சொந்த ஊர்ச் சொத்துக்கும் ஆபத்துதானே?

என் மகள் ஜப்பானில் காலி வீடு காலி வீடு என்று படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள். 2023 கணக்கில் அங்கே சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. வெளிநாட்டவரும் நிலத்தோடு வாங்கலாம், அது நல்ல விஷயம். ஆனால் மனை நாலு மீட்டர் அகலமுள்ள சாலையை இரண்டு மீட்டராவது தொட்டுக்கொண்டிருக்காவிட்டால் பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட விட மாட்டார்கள். 1981-க்கு முந்தைய வீடு என்றால் பூகம்பத்துக்கான புது விதிப்படி கட்டியிருக்காது. வீடு வாங்கினால் விசாவும் வரும் என்று நினைக்கிறாள், வராது. எங்கள் சிசிலி வீடே கைக்கு வந்திருந்தாலும் 180 நாளில் 90 நாள்தான் அங்கே இருந்திருக்க முடியும்.

இன்னொன்று. பணம் அனுப்புகிற நேரத்தில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் அப்படியே நம்பிவிடாதே. அந்த அஞ்சலில் இருக்கிற நம்பருக்குப் பேசாமல், ஏற்கெனவே உன்னிடம் இருக்கிற நம்பரில் கூப்பிட்டுக் கேள்.

குத்தகைப் பத்திர நகல் கிடைத்தால் அனுப்பு, நானும் பார்க்கிறேன். மழைக்காலத்தில் ஒரு தடவை போய் அந்த வீட்டில் ராத்திரி தங்கிவிட்டு வரச் சொல் அண்ணனை.

சிசிலி புரோக்கர் புத்தாண்டு வாழ்த்தோடு அந்த வீட்டின் படத்தை மறுபடி அனுப்பியிருக்கிறார். இன்னும் விற்கவில்லை, விலையும் இறங்கியிருக்கிறது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரலாமா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பழைய டைரியை எடுத்து அந்த ஜெயோமெத்ராவின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
உன் பழைய தோழி