வண்டியை உனக்குத் தராததற்கு

அன்புள்ள தம்பி,

நீ கேட்ட டிரக்கையும், அதன் முதுகில் ஏற்றியிருக்கும் கேம்பர் என்கிற தங்கும் அறையையும் வெளியாட்களுக்கே விற்கிறோம். இதில் அத்தானுக்கும் எனக்கும் இரண்டு கருத்து இல்லை. யார் முதலில் பேச்சை எடுத்தது, யார் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். விலையை இங்கே எழுத மாட்டேன். நம் வீட்டார் எல்லோரும் படிக்கிற இடம் இது. அந்த வண்டி உன் பாப்பாவுக்கு ஏன் ஆகாது என்பதை மட்டும் நீ இன்னும் காதில் வாங்கவில்லை. ஃபோனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது வாசலில் நின்று பின் சீட்டில் பாப்பாவின் கார் சீட்டை வைத்துப் பார்த்தாயே, அங்கிருந்தே தொடங்குகிறேன். எங்களுடையது எக்ஸ்டெண்டட் கேப். பின்னால் இருப்பது பேருக்கு ஒரு சீட். மெத்தை ஆழம் குறைவு, முதுகு செங்குத்து. கார் சீட்டின் அடிப்பகுதி மெத்தையைத் தாண்டி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாய்வுக் கோடு தரைக்கு இணையாக வரவில்லை. துண்டைச் சுருட்டி அடியில் வைத்தாய். பின்னோக்கி உட்காரும் சீட்டுக்கு இடம் போதாமல் முன் சீட்டைத் தள்ளிக்கொண்டே போனாய். "பாத்தியா அக்கா, உக்காந்துடுச்சு" என்றாய். நான் சீட்டைப் பார்க்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த மீனாவின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது டாஷ்போர்டில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த டாஷ்போர்டுக்குள் இருக்கும் காற்றுப்பை விரிகிற வேகத்துக்கு, முன்னால் இருப்பவர் எவ்வளவு பின்தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார வேண்டும். பிள்ளையைக் காப்பதற்காகத் தாயை அதன் வாய்க்குள் உட்கார வைத்திருந்தாய். அதைத்தான் அன்றைக்குச் சொன்னேன். மீனாவின் அப்பா அம்மா முன்னால், அந்தச் சொல்லில் சொல்லியிருக்க வேண்டாம், மன்னித்துக்கொள். ஆனால் மெதுவாகச் சொன்னபோதெல்லாம் நீ கேட்டிருந்தால் சத்தம் போடும் நிலை வந்திருக்காது, அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் நடந்ததை இங்கே தொடப்போவதில்லை.

ஆகவே முதலில் டிரக்கைத் தேர்ந்தெடு, கேம்பரை அப்புறம் பார்க்கலாம். நான்கு முழுக் கதவுள்ள க்ரூ கேப் மட்டும்தான். விற்பவர் முன்னிலையில் உன் கார் சீட்டைப் பின்னால் பூட்டு; பிறகு முன் சீட்டில் நீயே, உன் ஆறடி உயரத்தோடு, கால் நீட்டி உட்கார்ந்து பார். பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் 1 அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. நடு சீட்டில் பெரும்பாலும் கார் சீட்டை மாட்டும் கீழ்க் கொக்கிகள் இருக்காது, பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். கொக்கிகளுக்கும் வரம்பு உண்டு: பிள்ளையும் சீட்டும் சேர்ந்து 65 பவுண்டு, அதற்கு மேல் பெல்ட்தான். பாப்பா வளர்ந்து முன்னோக்கி உட்காரும்போது, கார் சீட்டின் மேல்பக்கத்தை வண்டியோடு இழுத்துக் கட்டும் மேல் பட்டையும் தேவைப்படும். பிக்கப்களில் அதன் கொக்கி பின் சீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சில வண்டிகளில் ஒரு வளையத்துக்குள் நுழைத்து அடுத்த வளையத்தில் மாட்ட வேண்டும். கையேட்டைப் பார்க்காமல் யாருக்கும் அது சரியாக வராது. வண்டி ஓடும்போது பின்னால் கேம்பருக்குள் யாரும் இருக்கக் கூடாது, மீனா "பால் மட்டும் கொடுத்துட்டு வரேன்" என்று கேட்டாலும்.

மோட்டார் ஹோம் வாங்காமல் டிரக் கேம்பர் என்று நீ முடிவெடுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன், இதை உன்னிடம் சொன்னதே இல்லை. பல மோட்டார் ஹோம்களில் பிள்ளை உட்கார்வது சாப்பாட்டு மேசையின் பெஞ்சில். அது பலகைச் சட்டம், மேலே பெல்ட். டிரக்கிலோ தொழிற்சாலையே மோதல் சோதனைக்கு வடிவமைத்த சீட். இதை நீயாகவே யோசித்திருந்தாய். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான், பெரிய விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டு அளவுநாடாவை மட்டும் எடுக்க மாட்டாய்.

இப்போது எடை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்த ஒரு வண்டிக்கென்றே அச்சிட்டது. விளம்பரத் தாளில் இருக்கும் எண்ணை மற. "ஹாஃப் டன் தாங்கும் சார்" என்று உன் ஊர் டீலர் சொன்னாராமே, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஹாஃப் டன், முக்கால் டன், ஒரு டன் என்பதெல்லாம் டிரக் ரகத்தின் பெயர், தாங்கும் எடை அல்ல. ஸ்டிக்கர் 1,800 பவுண்டு என்று வை. கூரை உயர்த்தும் சின்ன பாப்-அப் கேம்பர், வெறும் எடை 1,100. ஃப்ரிட்ஜ், ஃபர்னஸ், பேட்டரி, வெயில் மறைப்பு என்று நீ டிக் அடித்தவை 250. தண்ணீர் ஒரு காலன் 8.34 பவுண்டு, 20 காலனுக்கு 167. ப்ரொபேன் நிரம்பிய ஒரு சிலிண்டர் 37. ஜாக்கிகளும், கேம்பரை டிரக்கோடு இறுக்கிக் கட்டும் டை-டவுனும் 120. நீங்கள் இருவரும் 300. பாப்பாவும் சீட்டும் 35. தொட்டில், தள்ளுவண்டி, டயப்பர், துணி 60. பாத்திரம், அரிசி, குக்கர், நாற்காலி, கருவிப்பெட்டி 200. மொத்தம் 2,269. இன்னும் கிளம்பவே இல்லை, 469 பவுண்டு அதிகம். பின்னால் ஏர்பேக் சஸ்பென்ஷன் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அது வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும். அச்சின், பிரேக்கின், டயரின் வரம்பை ஒரு பவுண்டு கூட உயர்த்தாது.

எனவே முக்கால் டன் பார். டீசல் வேண்டாம்: எஞ்சினின் கூடுதல் எடை நூற்றுக்கணக்கான பவுண்டு, அத்தனையும் பேலோடில்தான், அதாவது அந்த ஸ்டிக்கர் எண்ணில்தான் கழியும். சன்ரூஃப் வைத்த சொகுசு மாடலுக்கும் அதே கதை, ஒரே டிரக் என்றாலும் ஸ்டிக்கர் மாறும். டயரின் பாரம் தாங்கும் தரம் "லோட் ரேஞ்ச் இ" ஆக இருக்க வேண்டும். எல்லாம் ஏற்றிய பிறகு லாரிகள் நிற்கும் இடத்தில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடையில் ஏற்று. முன் அச்சு தனி, பின் அச்சு தனியாக எடை வரும். பின் அச்சின் எண்ணைக் கதவில் இருக்கும் அச்சு வரம்போடு ஒப்பிடு, பெரும்பாலும் அங்கேதான் முதலில் வரம்பு தாண்டும். கேம்பரின் பக்கவாட்டில் எடை மையத்தைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அது பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று கேள்: பின்கதவுப் பக்கம் 20 காலன் தண்ணீர் என்றால் எடை மையம் நிரப்பும்போதே அம்பிலிருந்து பின்னால் நகர்ந்துவிடும். டை-டவுனின் திருகுகள் முதல் சில மைல்களிலேயே தளரும், நிறுத்தி இறுக்கு. அடியில் ரப்பர் விரிப்பு போடாமல் ஏற்றாதே.

பாப்-அப்பா, கடினச் சுவரா என்று மீனா கேட்டிருந்தாள். பாப்பாவுக்குக் கடினச் சுவர் சுகம், சந்தேகமில்லை. ஓய்விடத்தில் நிறுத்தியதும் கதவைத் திறந்து உள்ளே போய் டயப்பர் மாற்றலாம். பாப்-அப்பில் கூரையை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் கூன் போட்டுக்கொண்டு மாற்ற வேண்டும். துணிச் சுவரில் குளிரும் பக்கத்து ஜெனரேட்டர் சத்தமும் உள்ளே வரும். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கரடிகளுக்காகக் கடினச் சுவர் வண்டி மட்டும்தான், பாப்-அப்புக்கு இடமில்லை. ஆனால் கடினச் சுவர் என்றால் பெரும்பாலும் 2,000 பவுண்டுக்கு மேல், பல 3,000ஐயும் தாண்டும்; அதற்கு ஒரு டன் டிரக். உன் பட்ஜெட்டுக்கு முக்கால் டன்னும் பாப்-அப்பும் என்பதே என் தீர்ப்பு. அதே பூங்காவின் மேடிசன் முகாமில் பாப்-அப் நிற்கலாம். கரடி ஊரில் பாப்பாவின் ஈரத் துடைப்பானும் கார் சீட் இடுக்கில் விழுந்த பிஸ்கட் தூளும் உணவுக் கணக்கில்தான் சேரும், வண்டியில் விட்டுவைக்காதே.

பாப்பா எங்கே தூங்குவாள்? இதைத்தான் யாரும் கேட்காமல் வாங்குகிறார்கள். கேபினுக்கு மேலே நீளும் படுக்கையில் உங்கள் நடுவில் போட்டுக்கொள்வதாகச் சொன்னாய். வேண்டாம். மெத்து மெத்தை, போர்வை, கூரையடியில் தேங்கும் சூடு, அதற்குக் கீழே ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான வெற்றிடம். தட்டையான, கெட்டியான தனிப் படுக்கையில் மல்லாக்கத்தான் படுக்க வேண்டும். வழக்கமான மடக்குத் தொட்டில் சுமார் 28க்கு 40 அங்குலம், தரையில் மட்டுமே நிற்க வேண்டும். மேசையை இறக்கிச் செய்த படுக்கையின் மேல் ஏற்றினால் அதன் உயரமும் விழும் ஆபத்தும் கூடும். அட்டைப் பெட்டியை 28க்கு 40 வெட்டி எடுத்துக்கொண்டு போ. கேம்பர் தரையில் போட்டுப் பார். அட்டை விரிந்திருக்கும்போது கதவு திறக்க வேண்டும், மேலிருந்து இறங்கும் கால் அதன் மேல் படக் கூடாது. சோபா ஒரு பக்கமாக இருக்கும் அமைப்பில் இடம் வரலாம். முன்பக்க மேசை அமைப்பில் பெரும்பாலும் வராது. எங்கள் கேம்பரில் வராது, அளந்தேன். வாங்கும் தம்பதிக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை, அவர்களுக்கு அது பிரச்சினையும் இல்லை.

அம்மா தூளி கட்டச் சொல்வாள். கூரைக் கம்பியில் ஸ்பிரிங் மாட்டலாம் என்று உனக்கும் ஆசை, தெரியும். பாப்-அப்பின் கூரைச் சட்டம் ஆடும் பாரத்துக்குச் செய்ததல்ல; வளைந்த துணிக்குள் கழுத்து மடங்கினால் சத்தமே வராது. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ பழி சுமக்க வேண்டாம். கார் சீட்டில் தூங்கிப்போனாலும் வண்டி நின்றதும் எடுத்துப் படுக்கையில் போடு. பாய்சியிலிருந்து வெஸ்ட் யெல்லோஸ்டோன் வரை ஆறு மணி நேர ஓட்டம் என்றால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி எடுத்து ஒன்பது மணி நேரமாக எண்ணிக்கொள்.

சூடு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. எங்கள் கேம்பரில் இருப்பது கையில் தூக்கும் ப்ரொபேன் ஹீட்டர். காலையில் கொஞ்ச நேரம் எரித்து, தூங்கும் முன் அணைத்துவிடுவோம். ராத்திரி குளிரை ரஜாயில் சமாளிப்போம். பாப்பாவுக்கு ரஜாய் போடக் கூடாது, ஹீட்டரை அணைக்கவும் முடியாது. அறைக் காற்றையே எரித்து, ஈரத்தையும் புகையையும் உள்ளேயே விடுகிற அதை வைத்துக்கொண்டு அவளைத் தூங்க வைப்பாயா? உனக்கு வேண்டியது எரியும் காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியே தள்ளும் ஃபர்னஸ், தெர்மோஸ்டாட்டோடு. ஃபர்னஸின் விசிறி ராத்திரி முழுக்க பேட்டரியைத் தின்னும். லித்தியம் பேட்டரி எடை குறைவு, ஆனால் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. ஜூனிலும் யெல்லோஸ்டோனில் இரவில் உறையும், பேட்டரியை உள்ளே வை. கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கும் உயரத்தில், ப்ரொபேன் அலாரம் தரையோரம். ப்ரொபேன் காற்றைவிடக் கனம். இரண்டின் முதுகிலும் காலாவதி வருடம் இருக்கும், பழைய கேம்பரில் முதலில் அதைப் புரட்டிப் பார். கூரை விசிறியைக் கொஞ்சமும் ஒரு ஜன்னலை விரலளவும் திறந்து வை, இல்லாவிட்டால் காலையில் மெத்தை அடி ஈரமாகி மாதத்தில் பூசணம் பிடிக்கும். தெர்மாமீட்டர் தொட்டிலின் உயரத்தில் இருக்கட்டும், உன் தலை உயரத்தில் அல்ல.

பால் பற்றி மீனாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும்: இன்வெர்ட்டரில் 1,500 வாட் கெட்டில் ஓட்டாதே, 12 வோல்ட்டில் அது 125 ஆம்பியர். அடுப்பில் கொதிக்க வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றிவை. ஆற்றுத் தண்ணீர், நம்பிக்கையில்லாத குழாய் என்றால் 6,500 அடிக்கு மேலே 3 நிமிடம் கொதிக்க வேண்டும். தொட்டியைக் கழுவ 15 காலனுக்கு கால் கப் ப்ளீச், 4 மணி நேரம் ஊற விட்டு வாடை போகும்வரை அலசு. அவ்வளவு உயரத்துக்குக் கைக்குழந்தையைக் கூட்டிப்போகலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டாயா, இல்லை அதையும் யூடியூபில் பார்த்தாயா?

கஞ்சத்தனம் என்று சொன்னாய். நான் மறக்கவில்லை. பணத்துக்காகவா வெளியாளுக்குக் கொடுக்கிறோம் என்றால், பணமும் ஒரு காரணம்தான், அத்தானின் முழங்கால் சிகிச்சை சும்மா நடக்காது. ஆனால் நீ ஒரு டாலர் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் உனக்கு விற்றிருக்க மாட்டேன்.

சக்கரத்துக்கு அடியில் வைத்து வண்டியைச் சமன்படுத்தும் லெவலிங் பிளாக்குகளையும் ரப்பர் விரிப்பையும் விற்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். விரிப்பு எட்டடி, உன் டிரக்கின் பின் பெட்டி ஆறரை அடியானால் கத்தியால் வெட்டிக்கொள். எங்கள் டை-டவுன் எங்கள் டிரக்கின் சட்டத்துக்கு மட்டும் பொருந்தும், அதைக் கேட்காதே. டிரக் பார்க்கப் போகும்போது மஞ்சள் ஸ்டிக்கரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, முன்பணம் கட்டுவதற்கு முன்னால். அவர்கள் வெள்ளிக்கிழமை வண்டியை எடுக்க வருகிறார்கள். அன்றைக்கு மட்டும் ஃபோன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

அக்கா