ஆசிரியருக்கு: அறுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார இதழ்ல கொரோனா காலத்த திரும்பிப் பாக்குற கட்டுரைல ஒரு வரி. "அன்றைக்கு அறுத்துப் பார்த்திருந்தால் பாதிப் பேர் வேறு நோயால் போனவர்கள் என்று தெரிந்திருக்கும்." காலைல காபியோட படிச்சேன், காபி ஆறிப்போச்சு, எனக்கு இன்னும் ஆறல.

எழுதினவரு பெரிய ஆளாத்தான் இருப்பாரு, போட்டோவே கால் பக்கத்துக்குப் போட்டிருக்கீங்க. ஆனா கொரோனால செத்தவங்கள அறுத்துப் பாத்தாங்க சார். ஜெர்மனில 2020 ஆரம்பத்துல தொத்துநோயப் பாத்துக்குற அவங்க அரசு நிறுவனம் ராபர்ட் கோஹ் நிறுவனமே போஸ்ட்மார்ட்டம் வேணாம், தொத்திக்கும்னுதான் சொல்லுச்சு. ஹாம்பர்க்ல கிளாவுஸ் புஷெல்னு ஒரு தடயவியல் டாக்டர் அத காதுல வாங்காம அறுத்தாரு. முதல் 12 பேர்ல 7 பேருக்கு ஆழமான ரத்தக்குழாய்ல, முக்கியமா கால்ல, ரத்தம் கட்டியிருந்துச்சு, அவங்க உயிரோட இருந்தப்ப ஒருத்தர் விஷயத்துலகூட யாருக்கும் அந்த சந்தேகமே வரல. 4 பேருக்கு அந்தக் கட்டி போய் நுரையீரல அடைச்சுதான் உயிரே போயிருக்கு. அப்புறம் ஜெர்மனி முழுக்க ஆயிரம் பேருக்கு மேல அறுத்துப் பாத்தத சேர்த்து கணக்கு பாத்தாங்க, 86 சதவீதம் பேரோட சாவுக்கு மூலகாரணம் கொரோனாதான். உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம். உங்க "பாதிப் பேர்" எந்த ஊர் மார்ச்சுவரில இருந்து வந்தாங்கன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்.

நான் 28 வருசம் அரசு மருத்துவமனை பேத்தாலஜி லேப்ல ஸ்லைடு போட்டவன். நல்ல நுரையீரல ஃபார்மலின் வாளில போட்டா மிதக்கும், காத்து இருக்குல்ல, மேல பஞ்ச போட்டு அமுக்கித்தான் வைப்போம். பன்றிக்காய்ச்சல் வந்த வருசம் ஒண்ணு வந்துச்சு, போட்ட உடனே கல்லு மாதிரி அடில போய் உக்காந்துச்சு, பஞ்சுக்கு வேலையே இல்ல. மெழுகுல வச்சு சீவி சாயம் ஏத்தி மைக்ரோஸ்கோப்ல பாத்தா காத்துப்பைக்குள்ள சுவர ஒட்டி ரோஸ் கலர்ல ஒரு நாடா, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. அந்தப் பூச்ச தாண்டி ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போகணும்னா எப்படி போகும், வெளிய எத்தன சிலிண்டர் வச்சாலும்? கொரோனா நுரையீரல்லயும் அதே நாடாதான், கூடவே பொடிப்பொடி ரத்தக்கட்டி வேற. ஃப்ளூல செத்தவங்க நுரையீரலோட பக்கத்துல வச்சுப் பாத்தப்ப நுண்குழாய்ல அந்தக் கட்டி 9 மடங்கு அதிகமாம், 2020லயே வந்த ஆராய்ச்சி. இதுல எங்க சார் "வேறு நோய்"? சுகரும் பிரஷரும் பத்து வருசமா கூடவே குடித்தனம் நடத்துனது, அது திடீர்னு ஒரு ராத்திரில கொல்லுமா?

நம்ம ஊர்ல அதிகம் பாக்கலன்னு சொல்லியிருந்தா ஒத்துக்குவேன். ஐசிஎம்ஆர், அதான் மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், போஸ்ட்மார்ட்டம் வேணாம்னு வழிமுறை போட்டுச்சு, போபால் எய்ம்ஸ் மாதிரி சில இடத்துலதான் துணிஞ்சு செஞ்சாங்க. பெங்களூர்ல அறுத்துப் பாத்த டாக்டர் நுரையீரல் தோல்பந்து மாதிரி கெட்டியா இருந்துச்சுன்னு 2020 அக்டோபர்ல சொன்னது ஊரெல்லாம் பேச்சு, உங்க இதழ்ல மட்டும் இல்ல. ஆனா "இத்தாலில அறுத்துப் பாத்தாங்க, வைரஸே இல்லயாம், பாக்டீரியாவாம், 5ஜியாம், ஆஸ்பிரின் போட்டா சரியாப்போயிடுமாம்"னு சுத்துன வாட்ஸப் புளுக வாசகர் பகுதில பெட்டி கட்டிப் போட்டீங்க, ஞாபகம் இருக்கா? நான் அப்பவே மறுத்து எழுதினேன். அஞ்சு வாரம் கழிச்சு நாலு வரியா நறுக்கி குறுக்கெழுத்துக்குக் கீழ போட்டீங்க, அதுவும் இனிஷியல மாத்தி.

சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன், என் தம்பி 2021 மே மாசம் போனான். 52 வயசு, சுகர் உண்டு. பாசிட்டிவ், எட்டு நாள் ஒரு ஆஸ்பத்திரில வச்சிருந்து பெட் வேணும்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. போன்ல எங்கிட்ட, "அண்ணே மூச்சு பரவால்ல, இடது கெண்டைக்கால்தான் இழுத்துப் பிடிக்குது"ன்னான். படுத்தே கிடந்தல்ல, நல்லெண்ணெய் தேச்சு நீவி விடச்சொல்லுன்னு சொன்னேன். நான் சொன்னேன், ஹாம்பர்க் கதைய அதுக்கு ஒரு வருசம் முன்னாடியே படிச்சவன். மூணாம் நாள் பாத்ரூம் வாசல்ல விழுந்தான். தாள்ல "மாரடைப்பு"ன்னு எழுதினாங்க. பாசிட்டிவ் ஆகி 30 நாளுக்குள்ள செத்தா வீட்ல செத்தாலும் கொரோனா சாவுதான்னு செப்டம்பர்ல மத்திய அரசு சொன்ன பிறகு, அந்த கொரோனா நிவாரணம் 50,000 ரூபாய்க்கு தம்பி சம்சாரம் அந்தத் தாள தூக்கிக்கிட்டு ஒவ்வொரு ஆபீஸா ஏறி இறங்குச்சு. கவுண்டர்ல இருந்த ஒருத்தர் சொன்னாராம், "இணை நோய்மா, சுகர்ல போயிருப்பாரு." உங்க கட்டுரையாளர் சொல்றது அதே வசனம்தான், கொஞ்சம் நல்ல தமிழ்ல.

அவன யாரும் அறுத்துப் பாக்கல. அந்தக் கால்ல என்ன இருந்துச்சுன்னு எனக்கு சத்தியமா தெரியாது. ஊரான் வீட்டு நுரையீரல் எத்தனையோ சீவினேன், இது ஒண்ணு மட்டும் இல்ல.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த இதழ்ல ரெண்டு வரி திருத்தம், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்துல, குறுக்கெழுத்துக்குக் கீழ இல்லாம. அப்புறம் அந்தக் கட்டுரைக்குப் போட்டிருந்த எக்ஸ்ரே படம் தலைகீழா இருக்கு, முடிஞ்சா அதையும் கவனிங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன், மதுரை.

பி.கு.: இனிஷியல் கஷ்டம் உங்களுக்கு வேணாம்னு இந்தத் தடவ பேரே எழுதல.