மதலோன் காட்சியை வெட்ட வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் நாடக அன்பர்கள் சிலர் ‘அந்திரேயா ஷெனியே’ என்னும் இத்தாலிய ஒபராவை, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகத்தை, தமிழில் மேடையேற்ற ஒத்திகை பார்த்து வருகிறார்கள். லூயிஜி இல்லிக்கா எழுதி உம்பர்ட்டோ ஜியோர்தானோ இசையமைத்த இந்த நாடகம், 1896 மார்ச் 28ஆம் திகதி மிலானோ நகரின் லா ஸ்காலா அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. கதை நடப்பது பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில். இதை எடுத்துச் செய்யத் துணிந்த இளைஞர்களை மனமாரப் பாராட்டுகிறேன். சென்ற வாரம் ஒத்திகை பார்க்கப் போயிருந்தேன். அங்கே கண்ட இரண்டொரு விடயங்கள் மனதை உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

நேரம் போதாது என்று மூன்றாம் அங்கத்தில் வரும் மதலோன் கிழவியின் காட்சியை நீக்கிவிட்டார்கள். காதல் கதைக்கு அவள் தேவையில்லை என்பது அவர்களுடைய எண்ணம். மதலோன் கண் தெரியாதவள். அவளுடைய மகன் பஸ்தீல் கோட்டையைப் பிடித்த அன்று இறந்தான்; மூத்த பேரன் வால்மி போர்க்களத்தில் மாண்டான்; மிஞ்சியிருக்கும் பதினைந்து வயதுப் பேரனையும் படையில் சேர்த்துக்கொள்ளுமாறு, அவனுடைய கையைப் பிடித்தபடியே சபைக்கு வருகிறாள். சிறுவன் என்று சொல்லாதீர்கள், இவனால் போரிட முடியும், சாகவும் முடியும் என்று மன்றாடுகிறாள். பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதன் பிறகுதான், எனக்கு யார் கை கொடுப்பீர்கள் என்று கேட்கிறாள். சில நிமிடங்களே நீளும் இக்காட்சியை விளங்கிக்கொள்ள எமது ஊரில் எவருக்கும் உரை தேவைப்படாது. வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது.

அதற்காகக் கதையை எமது மண்ணுக்கே மாற்றிவிடலாம் என்று ஒத்திகையில் எழுந்த யோசனையையும் என்னால் ஏற்க முடியவில்லை. பிரபு வீட்டு வேலைக்காரனாக இருந்து, தள்ளாத வயதிலும் தளபாடம் சுமக்கும் தன் தந்தையைக் கண்டு கொதித்து வெளியேறி, பின்னர் புரட்சியின் தலைவர்களில் ஒருவனாக உயர்ந்த ஜெரார், தான் விரும்பும் பெண், நாடகத்தின் நாயகனான கவிஞன் ஷெனியேயை நேசிப்பதால் அவன்மீது குற்றப்பத்திரிகை எழுத உட்காருகிறான். கொன்ஸ்தாந்திநோப்பிளில் பிறந்தானா, அப்படியானால் அந்நியன். படைப் பள்ளியில் படித்தானா, அப்படியானால் துரோகி. கவிஞனா, மக்களின் மனதைக் கெடுப்பவன். எழுதும்போதே அவை பொய் என்று அவனுக்குத் தெரிகிறது. தான் இன்னும் வேலைக்காரன்தான், எசமான் மட்டுமே மாறியிருக்கிறான் என்று உணர்கிறான். பின்னர் நீதிமன்றத்தில் எழுந்து தன் பொய்யை ஒப்புக்கொண்டும் ஷெனியேக்கு மரண தண்டனையே கிடைக்கிறது. இதை எமது அண்மைக்காலத்துக்கு இடம்மாற்றினால், யாரைச் சொல்கிறார்கள் என்று தேடுவதிலேயே பார்வையாளரின் கவனம் போய்விடும். ஜெராருக்காக ஒருவரும் இரங்க மாட்டார்கள். பாரிசிலேயே நடக்கட்டும். துரோகி என்ற சொல் மேடையில் விழும்போது கேட்பவர் தாமாகவே தம் வீட்டை நினைத்துக்கொள்வார்.

இசை பற்றியும் ஒரு சொல். இத்தாலிய மெட்டுக்குள் தமிழை அடைத்ததால் குறில்கள் நெடிலாகி, உச்சத்தில் ‘மகன்’ என்பது ‘மாகன்’ என்று ஒலித்தது. அரிச்சந்திர மயான காண்டத்தை விடிய விடியக் கேட்டு வளர்ந்த எமக்கு விருத்தம் இருக்கிறது. தாளக்கட்டின்றிச் சொல்லின் போக்கிலேயே நீண்டு உயரும் அந்த வடிவம், ஜெரார் தனியாகப் பாடும் இடத்துக்கு நன்றாகப் பொருந்தும். ஜியோர்தானோவின் மூல இசையை இடைவேளையில் ஒலிப்பதிவாகக் கேட்கச் செய்யலாம்.

அரங்கில் கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தில் உண்மை ஷெனியேயைப் பற்றியும் நான்கு வரி சேர்க்க வேண்டும். 1762இல் பிறந்த அந்தக் கவிஞர் 1794 யூலை 25ஆம் திகதி கில்லட்டின் என்னும் தலைவெட்டும் பொறியில் கொல்லப்பட்டார். இரண்டே நாளில் புரட்சித் தலைவர் ரொபெஸ்பியேரின் ஆட்சி கவிழ்ந்தது. நாடகத்தில் காதலி வேறொரு பெண்ணின் பெயரில் அவரோடு சேர்ந்து சாகிறாள். அது இல்லிக்காவின் கற்பனை. சிறையில் ஷெனியே யாரை நினைத்துக் கவிதை எழுதினாரோ, அந்தப் பெண் உயிர் தப்பினார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.