மாடி வீட்டுக்கு எழுதிய கடிதம்

அம்மாபேட்டை, சேலம்
ஐப்பசி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து நாளாச்சு, பதில் போடத்தான் நேரம் அமையவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து உன் மாமியார் மறுபடி சீரியல் பார்க்க உட்கார்ந்துவிட்டார் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பையனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் சந்தோஷம், முதல் சம்பளத்தில் அவனைச் சீட்டுக் கட்ட வைத்துவிடு, இல்லாவிட்டால் அத்தனையும் போனுக்கும் பைக்குக்கும்தான் போகும்.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். ஆனால் இந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே சாக்கடைப் புராணம், சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே. உன் பீளமேட்டு வீட்டில் குடியிருப்பவர்கள் பாத்ரூம் நாறுது, சுவர் ஊறுது என்று நச்சரிப்பதாக எழுதியிருந்தாயே, அதையும் மனசில் வைத்துக்கொண்டு படி. நீ இப்போது ஓனர், நான் இன்னும் குடித்தனக்காரி.

எங்கள் வீட்டை நீ பார்த்திருக்கிறாய். கீழே மூன்று போர்ஷன், மாடியில் ஓனர் குடும்பம். பின்பக்கம் துணி துவைக்கிற கல், அதை ஒட்டிக் கழிவுத்தொட்டி, அதிலிருந்து நாலு எட்டு வைத்தால் சம்ப்பு, அதாவது தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி. எங்கள் பக்கம் மேட்டூர்த் தண்ணீர் தினமும் வருவதில்லை, வரும்போது பிடித்து வைத்தால்தான் உண்டு, அதனால் சமையல், குளியல் எல்லாமே இந்தச் சம்ப்புதான். மாடி டேங்குக்கும் இதிலிருந்துதான் ஏறுகிறது.

ஆவணியில் பெய்த முதல் மழையிலேயே தொட்டி மூடியின் ஓரத்தில் கறுப்பாகக் கசிய ஆரம்பித்தது. பெரிய மழை வந்ததும் கசிவெல்லாம் இல்லை, பொங்கியே வழிந்தது. துவைக்கிற கல்லைச் சுற்றிக் கணுக்கால் வரைக்கும் அந்தத் தண்ணீர், நடுப் போர்ஷன் வாண்டு அதில் காகிதக் கப்பல் விடப் போய் முதுகில் ஒன்று வாங்கினான். வீட்டுக்குள் வேறு கூத்து. மேலே பாத்ரூம் குழாய் எங்கேயோ விட்டுப்போய், எங்கள் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னாடி முழுக்கக் கறுப்புப் பூசணம். கல்யாணத்துப் பட்டுப்புடவை மடிப்பில்கூட அந்த வாடை. ராத்திரியானால் சின்னவளுக்கு இருமல்.

ஓனரிடம் சொல்லாமல் இல்லை. மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் சொன்னேன். "பாத்துக்கலாம் விடுங்க", "மழை நிக்கட்டும்", "ஆளு வரேன்னிருக்கான்". ஒரு தடவை மட்டும் கொஞ்சம் காரமாக, நாங்கள் கண்டதையும் கொட்டி அடைத்துவிட்டோமாம். நான் திருப்பிக் கொடுத்திருப்பேன், ஆனால் எப்படியடி பேசுவது? பெரியம்மா, அதுதான் அவருடைய அம்மா, சதுர்த்திக்குக் கொழுக்கட்டை கொடுத்தனுப்புகிறார், சின்னவள் பிறந்தபோது வெந்நீர் வைத்துக் கொடுத்தவர். இவரை நாங்கள் எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறோம். கொடுமைக்கார ஓனராக இருந்தால் சண்டை போட்டுவிடலாம், இப்படி உறவு மாதிரி இருக்கிற ஓனரிடம் சாக்கடையைப் பற்றிக் கேட்பதுதான் பெரும்பாடு. பக்கத்துப் போர்ஷன் அக்காவுக்கு வேறு பயம், "ரொம்பக் கேட்டா காலி பண்ணச் சொல்லிருவாரு, பள்ளிக்கூடம் பாதியில இருக்கு" என்று.

அப்புறம் புரட்டாசியில் வரிசையாக எல்லாருக்கும் வயிறு கெட்டது. எங்கள் சின்னவள், நடுப் போர்ஷன் பையன், கடைசியில் மாடியில் பெரியம்மாவுக்கே. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எங்க பிடிக்கிறீங்க?" நடுப் போர்ஷன் அக்காவின் மூத்த பெண் மைக்ரோபயாலஜி படிக்கிறாள், அவள் கல்லூரியிலிருந்து ஒரு சின்னக் குப்பி கொண்டுவந்தாள். தண்ணீரை ஊற்றி மூடி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்திருந்தால் கறுத்துப்போகுமாம். சம்ப்புத் தண்ணீரை ஊற்றிச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தோம், மறுநாளே கறுத்துவிட்டது. நல்லா இருந்த தண்ணீரில் சாக்கடை எப்படிக் கலந்தது என்று மூடியைத் தூக்கிப் பார்த்தால், சம்ப்பு வாய் தரைமட்டத்தில் இருக்கிறது, விளிம்பு கட்டவே இல்லை, சிமெண்ட் வேறு பெயர்ந்திருக்கிறது. முற்றத்தில் நிற்கிறதெல்லாம் நேராக உள்ளே.

அன்றைக்குத்தான் வாயால் சொன்னது போதும், எழுதிக் கொடுப்போம் என்று முடிவெடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் தயங்கினார், "எழுத்துன்னு வந்துட்டா அவர் மனசு கோணும்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாயால் கேட்டால் ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது, அவருக்கும் மறப்பது சுலபம். தாளில் இருந்தால் நான் முகத்தைச் சுளிக்க வேண்டாம், அவரும் படிக்கட்டில் எல்லார் முன்னாடியும் பதில் சொல்ல வேண்டாம், உள்ளே போய் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

எழுதும் முன்னால், வக்கீலிடம் ஜூனியராக இருக்கும் என் சித்தி மகனிடம் சட்டத்தைக் கேட்டேன். தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கு 2017இல் புதுச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள், 1960ஆம் வருஷத்துப் பழைய சட்டம் அதோடு போச்சு. எந்த ரிப்பேர் யாருடையது என்று அதில் ஒரு பட்டியலே இருக்கிறது. கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, அதோடு சாக்கடை அடைப்பு எடுப்பது குடியிருப்பவர்! இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியாது. ஓனர் செய்ய மறுத்தால் நாமே செய்துவிட்டு வாடகையில் கழிக்கவும் வழி உண்டு, ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. ரிப்பேர் கேட்டான் என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. இதற்கெல்லாம் முதல் படி, ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது. நம் ஊரில் யார் செய்கிறோம்? எங்களுடையது வழக்கமான பதினொரு மாத முத்திரைத்தாள், அதுவும் போன வருஷமே காலாவதி. பதினொரு மாதம் என்று போட்டால் பதிவு வேண்டாம் என்பது இந்தச் சட்டத்தில் செல்லாதாம்.

ஆனால் கடிதத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. வாடகையில் கழிப்பதும் வேண்டாம் என்று விட்டேன், கழித்துவிட்டு அப்புறம் அதே படிக்கட்டில் எப்படி முகம் பார்ப்பது? தெரிந்து வைத்துக்கொண்டதில் ஒரு தைரியம், அவ்வளவுதான். எழுதினதில் கொஞ்சம் உனக்காக இங்கே எடுத்து எழுதுகிறேன்:

"அண்ணா, பின்பக்கத் தொட்டி மழைக்கு நிரம்பி வழிகிறது. அந்தத் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்குகிறது. சம்ப்புத் தண்ணீர் சோதனையில் கெட்டது என்று வந்திருக்கிறது, குப்பியும் போட்டோக்களும் இத்துடன் இருக்கின்றன. தொட்டியை லாரி வைத்து எடுக்க வேண்டும், சம்ப்பு விளிம்பை உயர்த்திக் கட்ட வேண்டும், மாடி பாத்ரூம் குழாயைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் தீபாவளிக்கு முன்னால் முடிந்தால் நல்லது. எங்கள் போர்ஷன்களிலிருந்து தொட்டி வரைக்கும் உள்ள அடைப்பை எங்கள் செலவில் எடுத்துவிடுகிறோம். ஆள் வருகிற அன்று நாங்கள் யாராவது வீட்டில் இருப்போம்."

மூன்று போர்ஷனும் கையெழுத்துப் போட்டோம், அதற்குப் பக்கத்துப் போர்ஷன் அக்காவைச் சம்மதிக்க வைத்ததுதான் கடிதத்தை விடப் பெரிய வேலை. இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று அவரிடம் கையெழுத்து வாங்கினேன். முதலில் "எதுக்குங்க இதெல்லாம்" என்றார். குப்பியைப் பார்த்ததும் பேச்சைக் காணோம். பெரியம்மாதான் உள்ளேயிருந்து, "அந்தத் தண்ணியிலதான்டா எனக்கும் கஞ்சி வெச்சிங்க" என்று ஒரு குரல் கொடுத்தார். என் கடிதத்தை விட அது நன்றாக வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த வாரமே லாரி வந்தது. மூடியைத் திறக்கக் கடப்பாரை வேண்டியிருந்தது. தொட்டியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும் என்கிறார்கள், இது வீடு கட்டினதிலிருந்து திறந்ததே இல்லை. மேலே இருந்ததைக் குழாய் உறிஞ்சிவிட்டது, அடியில் களி மாதிரி இறுகினது வரவே இல்லை. ஓனர், "யாராச்சும் இறங்கி மண்வெட்டியில தள்ளினா முடிஞ்சிரும்" என்றார். லாரிக்காரப் பையனுக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது, குழாயைக் கீழே வைத்துவிட்டு, "ஆள் இறங்குற வேலையே கிடையாதுங்க, சட்டப்படி தப்பு, உள்ள கேஸ் இருக்கும், போனா வரமாட்டான்" என்றான். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது, இருந்தும் எத்தனை பேரை இறக்கிக் கொன்றிருக்கிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறோமே. அவன் தண்ணீர் விட்டுக் கலக்கி, ஊறவிட்டு, மறுபடி உறிஞ்சி, சாயங்காலம் வரைக்கும் பொறுமையாக வேலை பார்த்தான். போகும்போது தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டுப் போனான், ராத்திரிக் கொசு பாதி அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே வருமாம். டெங்குக் கொசு வேறு ஜாதி, அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். மாநகராட்சியிலிருந்து வருகிற பெண் டார்ச் அடித்துப் பார்த்து, எங்கள் பழைய ஆட்டுக்கல் குழியிலிருந்தே புழுவை எடுத்துக் காட்டினாள்!

சம்ப்பு விளிம்பும் முக்கால் அடி உயர்ந்துவிட்டது. உள்ளே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுசாகப் பிடித்தோம். இப்போதும் குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சித்தான் ஆற்றுகிறேன், அந்தக் குப்பி கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது. மாடி பாத்ரூம் டைல்ஸை உடைக்க வேண்டும், அது பெரிய செலவு, பொங்கல் கழிந்து என்கிறார். அவர் பக்கமும் நியாயம் உண்டு, தறி ஓட்டம் முன்னே மாதிரி இல்லை, எங்கள் வாடகைதான் அவருக்கு நிலையான வருமானம். அதனால் பொங்கல் வரைக்கும் பொறுக்கிறேன், தை பிறந்ததும் இரண்டாவது கடிதம் மாடி ஏறும். முதல் கடிதத்தின் தேதியை அதில் மறக்காமல் குறிப்பிடுவேன். ஒப்பந்தத்தையும் அப்போதே புதுசாக எழுதிப் பதிந்துவிடலாம் என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன். அது அவருக்கும் நல்லதுதான்.

இனி உன் விஷயம். உன் வீட்டில் இருப்பவர்கள் சும்மா சாக்குச் சொல்கிறார்கள், அடுத்த தடவை வாடகை ஏற்றும்போது பேரம் பேசத்தான் இதெல்லாம் என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். ஆனால் நீ அந்த வீட்டுக்குள் கால் வைத்து எத்தனை நாளாச்சு? போனில் கேட்டு முடிவு பண்ணாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பீரோவை நகர்த்தச் சொல்லிப் பார், குளியலறையின் மறுபக்கச் சுவரில் கையை வைத்துப் பார், தொட்டி கடைசியாக எப்போது எடுத்தது என்று உன் வீட்டுக்காரரிடம் கேள், அவருக்கு ஞாபகம் இல்லையென்றால் லாரியைக் கூப்பிட்டுவிடு. குடியிருக்கிற அந்தம்மா எழுதிக் கொடுத்தால் கோபிக்காமல் வாங்கிக்கொள், எழுதிக் கொடுக்கிறவர்கள் அந்த வீட்டில் இன்னும் இருக்க நினைக்கிறவர்கள்தான். போக நினைக்கிறவன் அட்வான்ஸைத்தான் கேட்பான்.

தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்கு வருவதாக எழுதியிருந்தாய், எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று போன் பண்ணு. வருகிற அன்று சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடப் போகலாம், இவரையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு நாம் இரண்டு பேர் மட்டும்.

அன்புடன்,
செல்வி