இலவச ஊசி, இல்லாத இழப்பீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட பின் உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்களின் இழப்பீட்டுக் கோரிக்கை 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் விசாரணைக்கு வந்தது. இத்தகைய இறப்புகளுக்கு இழப்பீடு வழங்கக் கொள்கை ஏதும் வகுக்க முடியுமா என்று நீதிபதிகள் மத்திய அரசைக் கேட்டிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராகப் பணியாற்றி 2022-இல் ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதுபற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன். தடுப்பூசியை ஐயுறுபவன் அல்லன் நான். மூன்று தவணையும் போட்டுக்கொண்டவன், பிறரையும் போட்டுக்கொள்ளச் சொன்னவன். அப்படிச் சொன்னவன் என்பதாலேயே இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

தடுப்பூசி நம் நாட்டில் முதலில் தேர்தல் வாக்குறுதியாகத்தான் அறிமுகமானது. மருந்து கைக்கு வருவதற்கு முன்பே, 2020 அக்டோபர் 22 அன்று, பீகார் தேர்தல் அறிக்கையில் அனைவருக்கும் இலவசத் தடுப்பூசி என்று பாரதிய ஜனதா கட்சி அறிவித்தது. அதே நாளில், அப்போதைய தமிழக முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியும் தமிழ்நாட்டில் அனைவருக்கும் இலவசம் என்றார். 2021 ஜூன் 21 முதல் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மத்திய அரசே ஊசியை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, பிரதமருக்கு நன்றி சொல்லும் பதாகைகளை வைக்குமாறு பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லப்பட்டதாகச் செய்தி வந்தது. சான்றிதழில் பிரதமரின் படம் இருந்ததைக் குறைசொன்ன காங்கிரஸ், தான் ஆண்ட சத்தீஸ்கரில் தன் முதலமைச்சரின் படத்தைப் போட்டுச் சான்றிதழ் கொடுத்தது. யார் படம் என்பதில்தான் சண்டை. ஊசி போட்டுக்கொண்டவருக்கு ஏதாவது ஆனால் அந்தச் சான்றிதழை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று எந்தக் கட்சியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இலவசம் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2021-22 நிதிநிலை அறிக்கையில் தடுப்பூசிக்கு ஒதுக்கப்பட்டது 35,000 கோடி ரூபாய். அது மக்கள் கட்டிய வரி. பெட்ரோல் விலை பற்றிக் கேட்டபோது, நீங்கள் இலவசமாக ஊசி போட்டுக்கொண்டீர்களே, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று மத்திய பெட்ரோலியத் துறை இணையமைச்சர் ராமேஸ்வர் தேலி 2021 அக்டோபரில் திருப்பிக் கேட்டார். அவரை அப்போது எல்லோரும் கேலி செய்தார்கள். எனக்கென்னவோ, அந்த விவாதம் முழுவதிலும் உண்மையைப் போட்டு உடைத்தவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றியது. விலை கொடுத்துத்தான் வாங்கினோம். ஆனால் விலை கொடுத்து வாங்கியவனுக்குரிய உரிமை மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை.

இதை வெறும் சொல்லலங்காரமாகக் கூறவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகி இழப்பீடு கோரலாம் என்று 2022 நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. உரிமையியல் வழக்கு எத்தனை ஆண்டுகள் நடக்கும் என்பதை நிலத் தகராறில் சிக்கிய எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும். சரி, விரைவாக முடியட்டுமென்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமென்றால், அங்கே 1995-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு குறுக்கே நிற்கிறது: யாரிடமும் கட்டணம் வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையின் சேவை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. ஆக, தனியார் மருத்துவமனையில் 780 ரூபாய் கட்டிக் கோவிஷீல்டு போட்டுக்கொண்டவர் நுகர்வோர். அதே ஊசியை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் வரிசையில் நின்று போட்டுக்கொண்ட விவசாயக் கூலி, நுகர்வோர் அல்லர். பணம் இல்லாதவருக்கு இலவசமாகக் கொடுத்தோம் என்கிறோம். கொடுக்கும்போதே வழக்குத் தொடுக்கும் எளிய வழியையும் எடுத்துக்கொண்டோம் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

உற்பத்தி செய்த நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்பதிலும் ஒரே குழப்பம்தான். 2021 ஜனவரியில் கோவாக்சின் "மருத்துவச் சோதனை முறையில்" அனுமதிக்கப்பட்டதால், அதைப் போட்டுக்கொண்டவர்களிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கப்பட்டது. தடுப்பூசியால்தான் கடும் பாதிப்பு நேர்ந்தது என்று நிரூபணமானால் பாரத் பயோடெக் நிறுவனம் இழப்பீடு தரும் என்று அதில் அச்சிட்டிருந்தது. கோவிஷீல்டு போட்டுக்கொண்டவர்களுக்கு அப்படி ஒரு தாளும் இல்லை. சில வாரங்களில் சோதனை முறை என்ற நிபந்தனை கோவாக்சினுக்கும் நீக்கப்பட்டது. அந்தத் தாளும் போயிற்று. ஒரே அரசின் ஒரே இயக்கத்தில், எந்தக் கிழமை எந்த மேசையில் ஊசி போட்டுக்கொண்டார் என்பதைப் பொறுத்து ஒருவரின் உரிமை மாறியது.

கோவிஷீல்டைத் தயாரித்த சீரம் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் அதார் பூனாவாலா, வழக்குகளிலிருந்து உற்பத்தியாளர்களுக்கு அரசு பாதுகாப்பு தர வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே வெளிப்படையாகக் கேட்டார். அதற்கு முந்தைய மாதம்தான், சோதனைக் கட்டத்தில் ஊசி போட்டுக்கொண்டு தமக்குக் கடும் பாதிப்பு ஏற்பட்டதாகக் கூறி 5 கோடி ரூபாய் கேட்ட சென்னைத் தன்னார்வலர் ஒருவரிடம், 100 கோடிக்கு மேல் மானநஷ்டம் கேட்போம் என்று அந்நிறுவனம் எச்சரித்திருந்தது. ஃபைசரும் மாடர்னாவும் இதே பாதுகாப்பைக் கேட்டுப் பேச்சு நடத்தின. இந்தியா இணங்கவில்லை, அவ்விரு ஊசிகளும் இங்கே வரவில்லை. வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பணியாத அரசு என்று ஒரு தரப்பு இதைக் கொண்டாடியது. நல்ல ஊசியை வரவிடாமல் செய்த அரசு என்று மறுதரப்பு ஏசியது. நிறுவனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு தராததை நானும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதனால் பாதிக்கப்பட்டவர் கையில் மிஞ்சியது, பல்லாயிரம் கோடி மதிப்புள்ள நிறுவனத்தின் மீது சொந்தச் செலவில் வழக்குப் போடும் உரிமை மட்டும்தான்.

மற்ற நாடுகள் இந்த முடிச்சை எப்போதோ அவிழ்த்துவிட்டன. அமெரிக்காவில் கக்குவான் தடுப்பூசி மீது வழக்குகள் குவிந்து, உற்பத்தியாளர்கள் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டு வெளியேறத் தொடங்கியபோது, 1986-இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு தடுப்பூசித் தவணையிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வீதம் வரி வசூலித்து ஒரு நிதியம் அமைத்தார்கள். பாதிக்கப்பட்டவர் யாருடைய தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஊசியால் நேர்ந்த பாதிப்பு என்று காட்டினால் போதும். இதுவரை 500 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1979 முதல் இதற்கென்று சட்டம் உண்டு. கடும் ஊனம் நேர்ந்தால் 1,20,000 பவுண்டு. கொரோனாத் தடுப்பூசி அங்கே பொதுமக்களுக்குப் போடத் தொடங்கிய மாதத்திலேயே அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்த ஏற்பாடுகளிலும் குறைகள் உண்டு. 60 விழுக்காடு ஊனம் இருந்தால்தான் பிரிட்டனில் பணம். 59 என்றால் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் கொரோனா ஊசிக்கு வேறொரு திட்டம், அதில் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும், கிடைப்பதும் அரிது. ஆனாலும் விண்ணப்பிக்க ஓர் இடம் இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு எவ்வளவு செலவாகும்? அரசே தன் பிரமாணப் பத்திரத்தில் கணக்குக் கொடுத்திருக்கிறது. 2022 நவம்பர் வரை ஏறத்தாழ 220 கோடித் தவணைகள் போடப்பட்டன. ஊசிக்குப் பிந்தைய பாதிப்புகளாகப் பதிவானவை 92,114. அவற்றில் இறப்பு உள்ளிட்ட கடும் பாதிப்புகள் 2,782. பதிவாகாமல் போனவை எத்தனையோ இருக்கலாம், பதிவானவற்றில் ஊசிக்குத் தொடர்பே இல்லாதவையும் நிறைய இருக்கும். மாரடைப்பு ஊசிக்கு மறுநாளும் வரும், ஊசி போடாவிட்டாலும் வரும். எனினும் ஒரு பேச்சுக்கு, காரணமே விசாரிக்காமல் அந்த 2,782 பேருக்கும் தலா 5 லட்சம் கொடுத்திருந்தால் 139 கோடி ரூபாய் ஆகியிருக்கும். தவணைக்கு ஒரு ரூபாய் எடுத்து வைத்திருந்தால் 220 கோடி சேர்ந்திருக்கும். கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்துக்கு, அதுவும் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 50,000 ரூபாய் கொடுத்தார்கள். கொரோனாவைத் தடுக்க அரசு போட்ட ஊசியால் இறந்தவரின் குடும்பத்துக்கு அதுவும் இல்லை. நோய் பேரிடர், ஊசி பேரிடர் அல்ல என்று விளக்கம் சொல்கிறார்கள்.

ஊசி போட்டுக்கொண்டது அவரவர் விருப்பம், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பது மத்திய அரசின் இன்னொரு வாதம். அந்த நாட்களில் பணியில் இருந்தவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். தமிழ்நாட்டில் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, பொது இடங்களுக்கு வர ஊசி கட்டாயம் என்று 2021 நவம்பரில் உத்தரவு வந்தது. அந்தக் கட்டுப்பாட்டைத் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்திலும் நியாயப்படுத்தி வாதிட்டது. யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2022 மே மாதம் அந்த நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்போது பெரும்பாலானோர் போட்டு முடித்திருந்தார்கள். தில்லி விருப்பம் என்கிறது, சென்னை கட்டாயம் என்றது. இழப்பீடு என்று வரும்போது இரண்டும் ஒரே குரலில் மௌனம்.

2024 மக்களவைத் தேர்தலின் நடுவில், கோவிஷீல்டை உருவாக்கிய ஆஸ்ட்ராஜெனகா நிறுவனம், அந்த ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறையும் பாதிப்பு ஏற்படலாம் என்பதை பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வெளியானது. 2021-லேயே மருத்துவ உலகம் அறிந்த செய்தி அது. ஆனால் எதிர்க்கட்சிகள் சில அதை மேடையில் ஏற்றி, மக்கள் உயிரோடு ஆளுங்கட்சி விளையாடியது என்றன. ஆளுங்கட்சி பதிலுக்கு, இந்தியத் தடுப்பூசியை இழிவுபடுத்துகிறார்கள் என்றது. சான்றிதழில் பிரதமர் படம் காணாமல் போனது ஏன் என்று இரண்டு நாள் பேச்சு. தேர்தல் நடத்தை விதியால் என்று பிறகு தெரிந்தது. வாக்குப்பதிவு முடிந்ததும் எல்லாம் அடங்கியது. அந்த அரிய பாதிப்பில் இந்தியாவில் உறுதியானவை 26, அதில் 12 பேர் இறந்தார்கள் என்று அரசே சொல்லியிருந்தது. அந்த 12 குடும்பங்களுக்கு என்ன செய்யலாம் என்று எந்த மேடையிலும் யாரும் பேசவில்லை.

இந்த மௌனத்தால் என்ன விளையும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு கிராமங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறி வந்த தாய்மார்கள் என்னிடம் மருந்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஏதாவது ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு?" என்று மட்டும்தான் கேட்டார்கள். ஒன்றும் ஆகாது அம்மா என்று சொல்லி அனுப்பினேன். வேறு சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்தக் கேள்விக்கு அரசு எழுத்தில் பதில் தராத இடத்தில், வாட்ஸ்அப்பில் வதந்தி பரப்புபவர் பதில் சொல்ல வந்துவிடுகிறார்.

தமிழ்நாட்டில் 2026-இல் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. மகளிர் உரிமைத்தொகையை எவ்வளவு உயர்த்துவது என்று கட்சிகள் இப்போதே ஒன்றுக்கொன்று போட்டி போடத் தொடங்கியிருக்கும். அந்த அறிக்கைகளை எழுதுபவர்கள் தடுப்பூசி இழப்பீட்டு நிதியத்துக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும். கொரோனா ஊசிக்கு மட்டுமல்லாமல், பிறந்த அன்று போடும் காசநோய்த் தடுப்பூசியிலிருந்து எல்லாவற்றுக்கும் அது பொருந்த வேண்டும். முடிவெடுக்கும் குழுவில் ஊசியை வாங்கிய துறையின் அலுவலர்கள் இருக்கக் கூடாது. விண்ணப்பப் படிவம் ஊசி போட்ட இடத்திலேயே கிடைக்க வேண்டும். பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். ஊசியைக் கட்டாயமாக்கத் தமிழக அரசு கையிலெடுத்த அதே 1939 சட்டத்தில், இழப்பீட்டுக்கென்று ஒரு பிரிவைச் சேர்க்க அது தில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தஞ்சாவூர் மாவட்டம்
மார்ச் 2025